பட்டறிவும் சோதித்தறிவும்: 'எம்பிரிக்கல்' என்ற சொல்லின் பூர்வீகம்

நான்காம் படிவத்தில் இரசாயனம் பயிலும் பிள்ளைகளின் பாட நூலில் 'ஃபார்முலா எம்பிரிக்' என்று ஒரு பாடம் வருகிறது. மக்னீசிய நாடாவை மூடியிட்ட மூசையில் வைத்துச் சூடேற்றி, எரிவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எத்தனை மக்னீசியத்திற்கு எத்தனை ஆக்சிஜன் என்ற விகிதத்தைக் கணக்கிடும் பாடம் அது. பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். 'எம்பிரிக்' என்றால் என்ன என்று வீட்டில் கேட்டால், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பல்கலைக்கழகத்திற்குப் போனால் இச்சொல் மீண்டும் எதிரே வரும். மலாயில் 'எம்பிரிக்கல்', ஆங்கிலத்திலும் 'எம்பிரிக்கல்'. ஆய்வேட்டில் 'எம்பிரிக்கல்' சான்று இருக்கிறதா என்று விரிவுரையாளர் கேட்பார். மருத்துவமனையிலும் இதே சொல் புழங்குகிறது. தமிழில் இதை 'அனுபவ' என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அனுபவ ஆய்வு, அனுபவவாதம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அகராதியளவில் அது தவறில்லை. ஆனால் சொல்லின் பாதிப் பொருள்தான் தமிழுக்கு வந்து சேர்கிறது. விடுபட்டுப்போகும் மறுபாதி சில வேளைகளில் ஓர் உயிரின் விலை பெறும்.

வேரில் இருப்பது

இச்சொல்லின் பூர்வீகம் கிரேக்கம். 'எம்பெய்ரியா' என்றால் அனுபவம். அதைப் பிரித்தால் 'என்' என்பது உள்ளே என்றும், 'பெய்ரா' என்பது முயன்று பார்த்தல், சோதித்தல் என்றும் பொருள்படும். சோதனைக்குள் இறங்கிப் பெற்ற அறிவு என்று சொல்லலாம். வெறுமனே வயது கூடுவதால் வந்து சேரும் அனுபவத்தை இந்த வேர் குறிக்கவில்லை. 'பார்த்துவிடலாம்' என்று கையை வைத்துப் பார்த்தவனின் அனுபவமே இது.

இதே வேரின் இலத்தீன் கிளையிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'எக்ஸ்பீரியன்ஸ்', 'எக்ஸ்பெரிமெண்ட்', 'எக்ஸ்பெர்ட்' ஆகிய மூன்றும் பிறந்தன. அனுபவமும் பரிசோதனையும் நிபுணரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இன்னும் இரண்டு உடன்பிறப்புகள் உண்டு. அபாயத்தைக் குறிக்கும் 'பெரில்' ஒன்று. கடற்கொள்ளையனைக் குறிக்கும் 'பைரேட்' மற்றொன்று. துணிந்து தாக்கிப் பார்ப்பவன் என்ற பொருளில்தான் கிரேக்கர் கொள்ளையனுக்கு அப்பெயரை இட்டனர். முயன்று பார்ப்பதில் ஆபத்தும் உண்டு என்பதை அச்சொற்களே சொல்கின்றன.

தமிழும் இதற்குச் சளைத்ததல்ல. 'பட்டறிவு' என்ற அழகான சொல் நம்மிடம் உண்டு. படு என்ற வினைக்குத் தொடுதல், நேர்தல், துன்புறுதல் என்று பல பொருள். போரில் இறந்தவனையும் 'பட்டான்' என்பார்கள். காய்ந்துபோன மரம் 'பட்ட மரம்'. ஆகவே பட்டறிவு என்பது உடம்பில் வாங்கிக்கொண்ட அறிவு. கிரேக்கனைப் போலவே தமிழனும் அனுபவத்தின் பெயரில் ஆபத்தைச் சேர்த்தே வைத்திருக்கிறான்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 'பட்டறிவு' என்பதில் துன்பம் தானாக வந்து படுகிறது. 'பெய்ரா'வில் மனிதன் தானே போய்ச் சோதிக்கிறான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது நம் பழமொழி. பூனைக்குக் கிடைத்தது பட்டறிவு. அடுப்பு இன்று எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

அலெக்ஸாந்திரியாவின் வைத்தியர்கள்

இச்சொல்லை ஒரு கொடியாகப் பிடித்தவர்கள் வைத்தியர்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரில், கோஸ் தீவைச் சேர்ந்த ஃபிலினஸ், அலெக்ஸாந்திரியாவின் செராப்பியோன் ஆகியோரை முன்னோடிகளாகக் கொண்டு ஒரு மருத்துவப் பிரிவு கிளம்பியது. அதன் பெயரே எம்பிரிக்கர் பிரிவு.

அவர்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் காரணவாதிகள். நோயின் மறைந்த காரணத்தை அறியாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பது அவர்களின் கட்சி. கண்ணுக்குத் தெரியாத காரணத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறீர்கள், நோயாளிக்கு எது கேட்கிறதோ அதைச் சொல்லுங்கள் என்றனர் எம்பிரிக்கர். உழவனும் மாலுமியும் விவாதம் செய்து தொழில் கற்கவில்லை, செய்து செய்துதான் கற்றார்கள் என்பதும் அவர்கள் வாதம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இரு தரப்பையும் தம் மருத்துவ நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்.

கண்டதே காட்சி என்று அவர்கள் நடந்துகொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்களின் முறைக்கு முக்காலியைப் போல மூன்று கால்கள் இருந்தன. தானே கண்ணால் கண்டது ஒன்று. பிறர் கண்டு எழுதி வைத்தவற்றை ஒப்பிட்டுப் படித்தறிவது இரண்டு. இதுவரை காணாத நோய் வந்தால், அதனை ஒத்த நோய்க்குப் பயன்பட்டதை முயன்று பார்ப்பது மூன்று. அத்துடன், ஒரு மருந்து எப்போதும் கேட்கிறதா, பெரும்பாலும் கேட்கிறதா, பாதிக்குப் பாதியா, அரிதாகவா என்றும் வகைப்படுத்தினார்கள். ஒருமுறை கேட்டதை அனுபவம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததையும், காக்கை விழச் செய்ததையும் பிரித்துப் பார்க்க அவர்கள் தெரிந்துகொண்ட வழி இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குற்றவாளிகளை உயிரோடு அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்த்த வைத்தியர்கள் அக்காலத்தில் இருந்தனர் என்று செல்சஸ் எழுதுகிறார். அது கொடுமை மட்டுமல்ல, வீண் வேலையும்கூட என்று எம்பிரிக்கர் எதிர்த்தனர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கோலாலம்பூருக்கு வரும்போது தேவைப்படும்.

வசையாக மாறிய பெயர்

இத்தனை கவனமாக வளர்ந்த பெயர் பிற்காலத்தில் வசைச்சொல்லாகிவிட்டது. 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'எம்பிரிக்' என்றால் படிக்காத போலி வைத்தியன். ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் அச்சொல் இகழ்ச்சியாகவே வருகிறது. பட்டம் பெற்ற வைத்தியர்கள், சந்தையில் மருந்து விற்றவர்களை அப்பெயரால் திட்டினார்கள். 1620-இல் பிரான்சிஸ் பேக்கன் எழுதிய நூலிலும் எம்பிரிக்கர்களுக்கு எறும்பு என்ற பட்டமே கிடைத்தது. எறும்பு சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். வெறும் தர்க்கத்தை நம்புகிறவர்கள் தம் வயிற்றிலிருந்தே வலை பின்னும் சிலந்தி. பூவில் எடுத்துத் தானே செரித்துத் தேனாக்கும் தேனீதான் அவர் விரும்பிய அறிஞர்.

அந்நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக், மனித அறிவின் பொருள் முழுவதும் அனுபவத்திலிருந்தே வருகிறது என்று வாதிட்டார். அறிவியல் வளர வளர, 'எம்பிரிக்கல்' என்ற சொல் வசையைக் கழற்றிப் போட்டுவிட்டு மரியாதையான சட்டையை மாட்டிக்கொண்டது. ஆனால் பழைய சந்தேகம் முழுக்கத் தவறானதும் அல்ல. உடம்பிலிருந்து இரத்தத்தை வெளியேற்றினால் காய்ச்சல் தணியும் என்பதற்கு ஐரோப்பிய வைத்தியர்களிடம் ஏறத்தாழ 2,000 ஆண்டு அனுபவம் இருந்தது. 1830-களில் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி நோயாளிகளை வரிசைப்படுத்தி எண்ணிப் பார்த்தபோதுதான், அந்தச் சிகிச்சைக்குச் சொல்லப்பட்ட பலன் எண்ணிக்கையில் தென்படவில்லை என்று தெரிந்தது. பிழைத்தவர்கள் வைத்தியருக்கு நன்றி சொல்ல வருவார்கள். இறந்தவர்கள் வந்து குறை சொல்வதில்லை.

கோலாலம்பூரில் நடந்தது

இத்தனையும் எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டியதில்லை. அனுபவத்திற்கும் சோதித்தறிந்த அனுபவத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் மிகச் சிறந்த சான்றுகளில் ஒன்று இந்த நாட்டு மண்ணில்தான் நடந்தது. அதில் தமிழர் வீட்டு அரிசிப்பானைக்கும் பங்கு உண்டு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை உலுக்கிய நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் கால்கள் மரத்துப்போகும், பிறகு நடை தளரும். உடல் வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரட்டித்து வந்த பெயர் அது என்று அகராதிகள் கூறுகின்றன. ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் அது கொத்துக் கொத்தாக ஆள்களைக் கொண்டுபோனது.

அன்றைய மருத்துவர்கள் பலர் இது தொற்றுநோய் என்று உறுதியாக நம்பினார்கள். வெறும் கற்பனையால் அல்ல, அனுபவத்தால்தான் நம்பினார்கள். ஒரே கட்டடத்தில் தங்கியவர்களுக்கு அடுத்தடுத்து நோய் வந்தது. அவர்களை அங்கிருந்து வேறிடத்திற்கு மாற்றினால் பலர் தேறினார்கள். ஆகவே கிருமி கட்டடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். இடம் மாறும்போது சாப்பாடும் மாறுகிறது என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசாங்க அறுவை மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். நோய் சீனத் தொழிலாளர்களிடம் மிகுதி. அவர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய சயாம் அரிசி. தமிழ்த் தொழிலாளர்களிடம் நோய் அரிது. அவர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. கம்பங்களில் தாமே விளைவித்துக் குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களிடமும் நோய் குறைவு. அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்றார் பிராடன். 1907-இல் இதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். ஆனால் இதுவும் அனுபவம், அதுவும் அனுபவம். எதை நம்புவது?

அதற்குள், 1905-இல், கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அங்கு பொறுப்பிலிருந்த டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு காரியம் செய்தார். காப்பகத்தில் இருந்தவர்களை உணவுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்திற்குப் போனார்கள். இரட்டைப்படைக்காரர்கள் மேற்குப் பக்கத்திற்கு. இரண்டும் ஒரே மாதிரியான கட்டடங்கள். உணவும் ஒன்றே, அரிசி மட்டும் வேறு. கிழக்கே வழக்கமான சயாம் அரிசி, மேற்கே இந்தியப் புழுங்கல் அரிசி.

பாதி வழியில் இன்னொன்றும் செய்தார். கிழக்கே இருந்தவர்களை மேற்கேயும், மேற்கே இருந்தவர்களைக் கிழக்கேயும் குடியமர்த்தினார். அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தில் இருந்திருந்தால் கட்டடத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அது தங்கவில்லை. வெள்ளை அரிசிக்காரர்களின் பின்னாலேயே போயிற்று.

ஓராண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி உண்டவர்கள் 120 பேர். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் 123 பேர். அவர்களில் இருவருக்கு மட்டுமே நோய், அந்த இருவரும் காப்பகத்திற்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் பெரிபெரியால் இறக்கவில்லை.

பெருமைப்படத்தக்க ஆய்வு என்று இதை மருத்துவ வரலாறு குறிக்கிறது. அது உண்மைதான். ஆனால் அந்த 18 பேரை அவ்வளவு எளிதில் கடந்துபோக முடியாது. மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். 'ஒன்று', 'மூன்று', 'ஐந்து' என்று எண்ணி நின்றபோது அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் முன்பே உண்டுவந்த அரிசிதான் கொடுக்கப்பட்டது, புதிதாக எதையும் கொடுத்துக் கெடுக்கவில்லை என்று வாதிடலாம். இன்றைய நெறிக்குழு எதுவும் அந்த வாதத்தை ஏற்காது. உயிரோடு அறுத்துப் பார்ப்பதை எதிர்த்த அலெக்ஸாந்திரியா எம்பிரிக்கர்களும் ஏற்றிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஃபிளெட்சரின் ஆய்வோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை. அடைபட்ட இடத்தில் நடந்த ஒரு சோதனை போதாது என்று சொல்ல இடமிருந்தது. 1900-இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907-இல் ஜெலுபு காட்டுப் பகுதிக்குப் போனார்கள். அங்கே சாலை போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு குழுக்களாக்கி அதே சோதனையை நடத்தினார்கள். ஆள் வாழாத புதுக்காடு என்பதால் பழைய கட்டடத்துக் கிருமி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அங்கும் நோய் வெள்ளை அரிசியின் பின்னால்தான் போனது. ஆலையில் நீக்கப்படும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்பதையும் இவர்கள் அடுத்தடுத்த ஆய்வுகளில் நிறுவினார்கள். 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

அப்போதும் காரணம் தெரியாது! பிராடன், வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றே நம்பினார். அது தவறு. தவிட்டோடு போய்விடும் 'பி1' உயிர்ச்சத்துதான் காரணம். 'வைட்டமின்' என்ற பெயரே 1912-இல்தான் பிறந்தது. அச்சத்தைப் பிரித்தெடுத்தது 1926-இல். ஆனால் காரணம் பிடிபடும் முன்பே எந்த அரிசியைக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. காரணத்தைப் பற்றிச் சண்டை வேண்டாம், எது கேட்கிறது என்று சொல்லுங்கள் என்ற அலெக்ஸாந்திரியாக் குரல் மலாயாவில் இப்படிப் பலித்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டா நம் முன்னோர் நெல்லை அவித்தார்கள்? இல்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, சோறு குழையாது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதுதான் அவர்கள் கண்டது. முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று மேடையில் முழங்குவோருக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். அவர்களின் பழக்கம் உயிரைக் காத்தது. எதிலிருந்து காக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாததால்தான், வெள்ளை அரிசி நாகரிகம் என்று ஆனபோது அதை விட்டுக்கொடுக்கவும் தயங்கவில்லை.

இன்றைய வார்டில்

இன்று கடுமையான காய்ச்சலோடு, இரத்தத்தில் தொற்று பரவியிருக்கலாம் என்ற ஐயத்தோடு, ஒருவரை அவசரப் பிரிவில் சேர்த்தால் மருத்துவர் முதலில் கொடுப்பதற்குப் பெயர் 'எம்பிரிக்கல்' சிகிச்சை. எந்தக் கிருமி என்று ஆய்வுக்கூடம் சொல்ல ஓரிரு நாள்கள் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் ஆள் மிஞ்ச மாட்டார். ஆகவே இதுபோன்ற நோயாளிகளிடம் அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமி அதிகம் காணப்பட்டது, எந்த மருந்துக்கு அது அடங்கியது என்ற பதிவேட்டை நம்பி ஆண்டிபயாடிக் தொடங்குகிறார்கள். முக்காலியின் மூன்று கால்களும் அங்கே நிற்கின்றன: தன் கண், பிறர் பதிவு, ஒத்ததைக் கொண்டு முயல்வது. ஆய்வு முடிவு வந்ததும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ செய்வார்கள். 'முதல் நாள் ஒரு மருந்து, மூன்றாம் நாள் வேறு மருந்து, டாக்டருக்கே தெரியவில்லை' என்று குடும்பத்தார் சில வேளைகளில் கோபப்படுவதுண்டு. மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருப்பது அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி.

இதற்கு நேரெதிரானதையும் நம்மிடையே காணலாம். இனிப்புநீர் நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரிடம், 'இந்தப் பொடியைச் சாப்பிட்டு என் மச்சானுக்குச் சுத்தமாகக் குறைந்துவிட்டது' என்று யாரோ சொல்வார். சொல்பவர் பொய் சொல்லவில்லை. மச்சானுக்கு உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அதே நேரத்தில் அவர் சீனியை விட்டாரா, மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டாரா, அந்தப் பொடியைச் சாப்பிட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள், கால் புண்ணோடு மருத்துவமனைக்கு வரும் செய்தி புதிதல்ல.

கடைகளில் விற்கும் பாரம்பரிய மருந்துகளின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டுச் சுகாதார அமைச்சின்கீழ் பதிவானது என்பதற்கு அது அடையாளம். எண் இல்லாத பொருளை வாங்காமல் இருப்பதே நல்லது. அதே பெட்டியில் பெரும்பாலும் மலாயில் ஒரு வரி இருக்கும்: 'டிகுனாக்கான் செச்சாரா திரடிசனல் உந்தோக்...' அதாவது, இன்னதற்குப் பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுகிறது. பயன்படுத்தப்படுகிறது என்றுதான் அந்த வரி சொல்கிறது. பயன்பட்டது என்று சொல்லவில்லை. அப்படி ஏதாவது சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது அந்தப் பெட்டியையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டலாம்.